டிரைவருக்கு லெதர், மந்திரிக்குக் கம்பளி

அர்பாப் காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மூடினார். முன்கதவைத் திறந்து பார்த்து அதையும் மூடினார். பிறகு மறுபடியும் பின்கதவு. துபாய் அல் கூஸில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஏழெட்டுப் பேர் வேலையை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தோம். பாராட்டு வரப்போகிறது என்று நான் சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

"ஸதீக், ஹாதா மாஃபி ஒரிஜினல்" என்றார்.

நண்பா, இது ஒரிஜினல் இல்லை. இருபத்தாறு வருஷம் வளைகுடாவில் கார் சீட் தைத்தவன் நான். என் வேலையைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை அன்றுதான் முதல்முறை கேட்டேன். குஷன் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னைப் போல மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. வண்டி

அர்பாப் என்றால் முதலாளி. இவர் எங்கள் முதலாளி இல்லை, கஸ்டமர். ஆனால் பழைய கார் பன்னிரண்டு வைத்திருக்கிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது? பன்னிரண்டையும் எங்களிடமே ரெஸ்டோர் செய்யத் தருவதாகச் சொல்லியிருந்தார். முதல் வண்டிதான் இந்த லிமோசின்.

பழைய சோவியத் கார். கடையில் விற்பதற்குச் செய்ததில்லை. மந்திரிகளும் ஜெனரல்களும் போவதற்கென்றே அரசாங்கம் கையால் செய்யவைத்தது. நீளம் எங்கள் பெயிண்ட் பூத்துக்குள் அடங்கவில்லை, பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. டிரைவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. பின்ஜன்னலுக்குத் திரை. நடுவில் மடக்கு சீட் இரண்டு. அதில் உதவியாளர்கள் உட்காருவார்களாம்.

"எல்லாம் ஸேம் ஸேம்" என்று சொல்லிவிட்டு அர்பாப் மூன்று வாரம் வெளிநாடு போய்விட்டார்.

நான் உள்ளே ஏறிப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் கறுப்பு லெதர், வெடித்துப் போயிருந்தது. பின்னால், மந்திரி உட்காருகிற இடத்தில், சாம்பல் நிறக் கம்பளித் துணி. ரயிலில் தருகிற போர்வை மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ ஒரு குஷன்காரன் எப்போதோ மாற்றித் தைத்துவிட்டான் என்று அந்த நிமிஷமே முடிவுகட்டிவிட்டேன்.

ஃபோர்மேன் மொய்தீன் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். காயல்பட்டினத்துக்காரர்.

"ஆமா, இது என்ன கூத்து? டிரைவர் லெதர்ல, மந்திரி ஜமுக்காளத்துலயா?" என்றார்.

"மாத்திரலாமா பாய்?"

"மாத்தும். அதுதான் நியாயம்."

இந்த வாக்கியத்தை அவர் சொன்னதாக இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

2. நியாயம்

நல்ல லெதர் வாங்கி, ஓரத் தையலை மறைக்கப் பைப்பிங் வைத்து, பின்சீட்டை மூன்று வாரம் தைத்தேன். டிரைவருக்கு ரெக்சின் போதும் என்று போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, பின்சீட் அரண்மனை மாதிரி இருந்தது. கழற்றிய கம்பளியை அஜ்மானில் எங்கள் ரூமுக்குக் கொண்டுபோய் ததேயுவிடம் கொடுத்தேன். ததேயு என் ஊர்க்காரன், ஏசி டெக்னீஷியன். அந்த ரூமில் எட்டுப் பேர், நாலு இரட்டைக் கட்டில். தன் மேல்கட்டிலைச் சுற்றி மறைக்க ஒரு திரைக்காக ரொம்ப நாளாக அலைந்துகொண்டிருந்தான்.

அர்பாப் திரும்பி வந்த அன்று நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஃபோனில் பழைய படங்களைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். பாய் மொழிபெயர்த்தார். அந்த நாட்டுக் குளிரில் லெதர் ஐஸ் மாதிரி ஆகிவிடும், பெரியவர்களுக்குக் கதகதப்பு வேண்டும், அதனால் பின்னால் கம்பளி. டிரைவர் நாள் பூராவும் உட்கார்ந்திருப்பான், ஏறி இறங்குவான், எண்ணெய்க் கை வைப்பான். அது தாங்க வேண்டும், துடைத்தால் போக வேண்டும், அதனால் முன்னால் லெதர். அப்படித்தான் அந்த வண்டியைச் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை பழைய கார்களுக்கு ஒரு ஷோ. ஒரிஜினல் துணி இல்லாவிட்டால் வண்டியை உள்ளேயே விடமாட்டார்கள். அன்று ஞாயிறு.

அவர் போனதும் பாய் என் லீவு பேப்பரை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். அடுத்த வாரம் என் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள். டிக்கெட் போட்டாயிற்று. வெள்ளை கவுன் வாங்கி பெட்டியில் வைத்தாயிற்று. பாயின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"பழைய துணி திரும்பி அந்த சீட்டுல ஏறணும். இல்லன்னா லீவும் கெடயாது ஒண்ணும் கெடயாது. இந்த ஒரு வண்டியோட அவர் போயிட்டா மீதிப் பதினொண்ணுக்கு நான் எங்க போவேன்?"

"நீங்கதான பாய் நியாயம்னு சொன்னீங்க?"

"நானா?" என்றார்.

3. அஜ்மானில் பேச்சுவார்த்தை

அன்று சாயங்காலம் ததேயு மேல்கட்டிலில் திரைக்குள் இருந்தான். சுற்றிலும் கூரைப் பலகையில் டிராயிங் பின் குத்தி, மந்திரி துணியை அழகாகத் தொங்கவிட்டிருந்தான்.

"மக்கா, அந்தத் துணி வேணும்ல."

திரை விலகித் தலை மட்டும் வந்தது. "தந்தத திருப்பிக் கேக்கப்பிடாதுல. இப்பிடி ஒரு ஒறக்கம் எனக்கு நாட்டுலகூட வந்ததில்ல."

"பிள்ளைக்கப் புதுநன்மைக்குப் போகாண்டாமா நான்?"

தலை உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தது.

"ஒனக்க கட்டில் தருவியா?"

என் கட்டில் ஏசிக்கு நேர் கீழே இருக்கும் கீழ்க்கட்டில். பதினொரு வருஷம் காத்திருந்து கிடைத்தது. வளைகுடாவில் பெட் ஸ்பேசில் வாழ்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நான் என் தலையணையை எடுத்து மேலே எறிந்தேன். ததேயு பின் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துணியை இறக்கினான். கையில் வாங்கியதும்தான் வாசம் தெரிந்தது. எட்டுப் பேர் மூன்று வாரம் கருவாடு பொரித்த வாசம்.

கம்பளியைத் தண்ணீரில் போட்டால் சுருங்கும். ஒர்க்‌ஷாப் கூரையில் இரண்டு நாள் வெயிலில் போட்டேன். வெயிலில் கருவாடு என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று, வாசம் இன்னும் பழுத்தது. பாய் வீட்டிலிருந்து பகூர் கொண்டுவந்து நெருப்பில் போட்டு, துணிக்குச் சாம்பிராணி காட்டுவது போலக் காட்டினார். இப்போது இரண்டு வாசமும் சேர்ந்து வந்தது. அழுகை வராத குறை.

பின்சீட் லெதரைப் பிரித்து முன்னால் தைத்தேன். டிராயிங் பின் ஓட்டைகள் பைப்பிங்குக்குள் போகிற மாதிரி கம்பளியைப் பின்னால் ஏற்றினேன். வியாழன் மத்தியானம் கடைசித் தையல்.

4. மூக்கு

ஷோவில் ஜட்ஜ் ஒரு வயதான வெள்ளைக்காரர். இஞ்சினைப் பார்த்தார், குரோமைத் தடவினார், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கம்பளியைக் கையால் தேய்த்துத் தலையாட்டினார். பிறகு மூக்கைச் சுருக்கினார். இன்னொரு தரம் மோந்தார். அர்பாப் பாயைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பொய் சொல்ல வராது.

"சார், மை ஃப்ரெண்ட் பெட் கர்ட்டன். த்ரீ வீக். ட்ரை ஃபிஷ்."

அவர் கேட்கக் கேட்க, மந்திரிக்கு லெதர் போட்டது முதல் ததேயு வரை முழுதும் சொல்லிவிட்டேன். மனுஷன் அந்தச் சீட்டிலேயே சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இதில் போன பெரியவர்களும் மீன் தின்றவர்கள்தான்" என்று சொல்லித் துணிக்கு முழு மார்க் போட்டார். ஹார்ன் வேலை செய்யாததால் வண்டிக்கு இரண்டாம் பரிசு. அது எங்கள் எலக்ட்ரீஷியன் பாடு.

பாய் கார் பானெட்டில் பேப்பரை வைத்து என் லீவில் கையெழுத்துப் போட்டார். அதை மடித்துப் பையில் வைக்கும்போது அர்பாப் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. டிரைவருக்கு ரெக்சினும் பின்னால் லெதரும் போடச் சொல்லி உன்னிடம் யார் சொன்னது என்று கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லல, அர்பாப்."

பாயைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் சொன்னது பொய்யுமில்லை. அவர் ஆமாம் போட்டதோடு சரி, முதலில் தோன்றியது எனக்குத்தான். அந்த வண்டியில் டிரைவருக்கு என்ன கொடுக்க வேண்டும், மந்திரிக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று யோசித்தவர்கள் அந்தக் காலத்துப் பெரிய அதிகாரிகள். அவர்களே டிரைவரிடம் விட்டுவைத்த லெதரை, ஒருவரும் கேட்காமல் பறித்து, அவனுக்கு ரெக்சின் போதும் என்று முடிவுசெய்தது எட்டுப் பேர் ரூமில் கீழ்க்கட்டிலுக்குப் பதினொரு வருஷம் காத்திருந்த நான். விமானத்தில் ஊர் வரும்வரை வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு எந்த வண்டி வந்தாலும் முதலில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். நீங்களும் உட்கார்ந்து பாருங்கள்.