நாலாவது நாற்காலிக்காரர் போட்ட தேத்தண்ணி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினான்கு வயதில் கான் வெட்டப் போனேன். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு போகாமல் இருக்க வெட்டுகிற வாய்க்காலுக்குத்தான் கான் என்று பெயர். அந்த ஒரு மண்வெட்டியை வைத்துக்கொண்டு நான் என்னென்ன கட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கவில்லை என்று ஆகிவிடக் கூடாது.

பொகவந்தலாவைக் கடைவீதியில் ஒரு பலசரக்குக் கடை. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் ஒற்றைக் காம்பிராவில் எட்டுப் பேரோடு பிறந்து வளர்ந்தவனுக்கு ஐந்து அறையும் மேல்மாடியும் உள்ள சொந்த வீடு. கோயிலுக்கு ஏறுவதற்கு நாற்பத்திரண்டு கல்படி. எங்கள் லயத்துக்கு மலை ஊற்றிலிருந்து குழாய்த் தண்ணீர். குழாய் போடப் போன அன்று தோட்டத்தில் எங்களை மேற்பார்க்கிற கண்டாக்கு எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"என்னாடா, தண்ணிய மலைமேல ஏத்தப் போறியா?"

"ஏத்தலைங்க. மேல இருந்துதாங்க கொண்டாறேன். எறங்கறதுக்குத் தண்ணிக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல" என்றேன்.

இறங்கியது. இன்றைக்கும் இறங்குகிறது. ஆனால் அந்தக் குழாயடியில் போய்ப் பாருங்கள், கறுப்புக் கல்லில் தங்க எழுத்தில் வேறொருவர் பெயர் இருக்கும். அவர் ஜீப்பில் வந்து ரிப்பன் வெட்டிய அன்றுதான் அந்த ஊற்றை முதல்முதலாகப் பார்த்தார். வெட்டின கத்தரிக்கோல்கூட என் கடையில் வாங்கியது. அன்றைக்கு நான் பேசாமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த தவறு அது ஒன்றுதான்.

இத்தனையும் கட்டியவன், அறுபத்தொன்பதாவது வயதில், ஸ்பெயின் நாட்டுச் சின்ன ஊர் ஒன்றில் உட்காருவதற்கு ஒரு நாற்காலி கிடைக்காமல் ஏழு மாதம் காத்திருந்தேன்.

என் மகள் அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக இருக்கிறாள். மனைவி போன பிறகு, "அங்க தனியா என்னா செய்யப் போறீங்க, வாங்கப்பா" என்று கூப்பிட்டாள். நான் ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு வருஷம் பார்ப்பேன். அதற்குள் உட்கார்ந்து பேச நாலு மனுஷர் கிடைக்கவில்லை என்றால் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஹட்டன் ஸ்டேஷனில் என்னை இறக்கிவிட வேண்டும். அவள் சரி என்றாள். அவள் முகம்தான் சரியாக இல்லை. நாள் முழுதும் ஊரார் வீட்டுக் கிழவர்களைக் குளிப்பாட்டிவிட்டு வந்து, சொந்தத் தகப்பன் ஜன்னலோரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்கும் பிடிக்கவில்லை.

போன மூன்றாம் நாளே வேலையை ஆரம்பித்தேன். எங்கள் லயத்தில் புதிதாக ஒரு குடும்பம் வந்தால் அன்று மாலைக்குள் பக்கத்துக் காம்பிராவுக்குப் பலகாரம் போக வேண்டும். மகள் வேலைக்குப் போனதும் பருப்பு வடை சுட்டேன். மூன்றரை மணிக்குத் தட்டோடு தெருவில் இறங்கினால் ஒரு கடை திறந்தில்லை, ஒரு ஜன்னல் திறந்தில்லை, ஒரு நாய்கூட நடமாடவில்லை. ஹர்த்தால் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஹர்த்தாலைக் கண்டு பயந்திருந்தால் நான் கடை நடத்தியிருக்க முடியுமா? பன்னிரண்டு வீட்டுக் கதவையும் தட்டினேன், கேட்கும்படியாக. பன்னிரண்டு வீட்டிலிருந்தும் உள்பனியனோடும் கலைந்த தலையோடும் ஆட்கள் வந்து நின்றார்கள். வடையை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் எவரும் உள்ளே கூப்பிடவில்லை.

சாயங்காலம் மகள் வந்தாள்.

"அப்பா, இங்க மத்தியானம் எல்லாரும் தூங்குவாங்க."

"பகல்லயா? வேலைவெட்டி இல்லையா?"

"அது இங்க வழக்கம்ப்பா. ஊரையே எழுப்பி விட்டுட்டீங்க."

"எழுப்பினா என்னா, புள்ள? தோட்டத்துல நம்மள விடியக்காலையில கொம்பு ஊதி எழுப்பி, பேரு கூப்புட பெரட்டுல வரிசையா நிறுத்துனானே, அவன் வடையா குடுத்தான்?"

அந்த ஊரில் யாரும் யாரையும் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். எல்லாச் சிநேகமும் வெளியில்தான், பாரில். சாராயக் கடை என்று நினைக்க வேண்டாம். பாதிரியார் வருவார், பிள்ளைத்தாய்ச்சி வருவாள், தள்ளுவண்டியில் குழந்தை வரும். எங்கள் ஊரில் பாருக்குள் போனவனைக் கோயில் கமிட்டி கேள்வி கேட்கும். அங்கே போகாதவனைக் கேட்பார்கள்.

போனேன். மூலையில் ஒரு மேசையில் மூன்று பேர் புள்ளி போட்ட கட்டைகளை வைத்து டொமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர், ஒருவர் ஆடு வளர்ப்பவர், மூன்றாமவர் வாயே திறக்காதவர். நாலாவது நாற்காலி காலி. இருவர் இருவராகச் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அது, மூன்று பேரோடு நொண்டிக்கொண்டிருந்தது. அந்த நாற்காலிக்குரியவர் ஊரின் ரொட்டிக்காரராம். அவர் மகள் அவரைப் பட்டணத்து மாடிவீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாளாம். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று பார்த்த உடனே முடிவு செய்துவிட்டேன்.

கடைக்காரம்மா என்ன வேண்டும் என்று கேட்டாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் வேறென்ன கேட்பேன்? தேத்தண்ணி கேட்டேன். அவள் முகம் வாடியது. சுடுதண்ணீரும், நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பொட்டலமும், ஒரு துண்டு எலுமிச்சையும் கொண்டுவந்தாள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் பேக்டரியில் சலித்துச் சலித்துக் கடைசியில் கூட்டி அள்ளுகிற தூசு. நல்ல தூளெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறது, நமக்குத்தான் கழிவு என்று ஐம்பது வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கழிவு எனக்கு முன்னாலேயே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

அவள் ஏதோ கேட்டாள். அப்போது எனக்குப் பாஷை தெரியாது. நன்றாக இருக்கிறது என்று காட்ட வயிற்றைத் தடவிச் சிரித்தேன். அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டும். குளிர்காய எரிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் மெத்தை போட்ட இருக்கை எனக்கென்று ஒதுக்கினார்கள். தபால்காரர் தினமும் தோளைத் தொட்டு விசாரிப்பார். ஆட்டுக்காரர் வீட்டிலிருந்து கோழிச்சாறு வந்தது. மருந்துக்கடைப் பெண் என்னைக் கண்டால் சத்தத்தைக் குறைத்துப் பேசுவாள். குழந்தைகள் கத்தினால் தாய்மார் என்னைக் காட்டி அடக்குவார்கள். பெரிய மனிதரைப் பார்த்த உடனே அறிகிற ஜனங்கள் என்று மகளிடம் பெருமையாகச் சொன்னேன். ஒன்று மட்டும் நடக்கவில்லை. நாலாவது நாற்காலிப் பக்கம் நகர்ந்தால் போதும், தபால்காரர் எழுந்து வந்து கையைப் பிடித்து, தாலி கட்டிய பெண்ணை அழைத்துப் போவது போல, மெதுவாக அடுப்புப் பக்கமே கொண்டுவந்து உட்கார வைப்பார்.

ஏழு மாதம் இப்படி. பாஷையும் ஆட்டமும் அந்த அடுப்படியிலேயே படித்தேன். சிங்களம் மட்டும் பள்ளிக்கூடத்திலா படித்தேன்? கடைக்கு வந்தவர்களிடம் படித்தது. அவர்கள் ஸ்பானிஷில் பேசியதை இங்கே எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

ஒருநாள் மகள் வேலை முடிந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பா, பார்ல போய் என்னா குடிக்கிறீங்க?"

"தேத்தண்ணி."

"தெனமுமா?"

"ரெண்டு தடவ."

அவள் அப்படியே கதிரையில் உட்கார்ந்தாள். "மருந்துக்கடைப் பொண்ணு இன்னைக்கு என் கையப் புடிச்சிக்கிட்டு, 'ஒங்கப்பாவுக்கு எத்தன மாசம்னு டாக்டர் சொல்லியிருக்காரு'ன்னு கேக்குறா. இந்த ஊர்ல பெரியவங்க வயித்துவலி வந்தாத்தான் தேத்தண்ணி குடிப்பாங்கப்பா. ஏழு மாசமா தெனமும் ரெண்டு தடவ குடிக்கிறீங்க. ஊரே ஒங்களச் சாகப்போற ஆளுன்னு நெனைச்சிருக்கு."

"அப்ப அந்தக் கோழிச்சாறு?"

"நோயாளிக்குக் குடுத்தது."

"மெத்த போட்ட சீட்டு?"

"அதுவுந்தான்."

"நாற்காலி ஏன் தரல?"

"டொமினோல கட்டைய ஓங்கி அடிப்பாங்க, கத்துவாங்க. ஒங்க ஒடம்பு தாங்காதுன்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தேயிலையை விளைவித்தவன் நான், அதைக் குடித்ததற்காக எனக்கே பாடை கட்டுகிறார்கள். நோய்க்காகத்தான் குடிப்பது என்றால், நுவரெலியாவிலிருந்து ஹட்டன் வரைக்கும் ஒரே ஆஸ்பத்திரிதானே?

மறுநாள் போய், எல்லோர் காதிலும் விழும்படி, கறுப்புக் கோப்பி கேட்டேன். டொமினோ மேசையில் மூன்று தலையும் திரும்பின. எங்கள் மலைகளில் தேயிலைக்கு முன்னால் கோப்பிதான் இருந்ததாம், ஏதோ நோய் வந்து அடியோடு செத்ததாம். ஒரு மிடறு குடித்ததும் அந்த நோயின் மேல் எனக்கிருந்த வருத்தம் போய்விட்டது. ஆனாலும் முகத்தைச் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தேன்.

தபால்காரர் எழுந்து வந்தார். "பெரியவரே, கொணமாயிருச்சா?"

"நோயே இல்லைங்க."

"அப்ப இத்தன நாளா குடிச்சது?"

"ருசிக்கு."

அவர் நம்பவில்லை. ஆனால் வாய் திறக்காதவர், அந்த ஏழு மாதத்தில் முதல்முறையாக, வாயைத் திறந்தார். "அப்பொறம் என்னாத்துக்கு நிக்கிறாரு? உக்காரச் சொல்லுங்க." நாலாவது நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

அன்று மூன்று ஆட்டம் ஜெயித்தோம், நானும் பேசாதவரும். ஏழு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு எவர் கையில் எந்தக் கட்டை என்று தெரியாதா? ஆட்டுக்காரர், "செத்துப்போவாருன்னு பார்த்தா இந்த மனுஷன் நம்மளச் சாகடிக்கிறாரே" என்று கட்டையை எறிந்தார். வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். ஹட்டன் டிக்கெட்டைப் பற்றி அதன் பிறகு அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கோப்பியை மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். நாலாவது வாரம் கடைக்காரம்மாவுக்குத் தடிமன், ஓயாத தும்மல், தொண்டைக்கட்டு. அவள் பொட்டலத் தேயிலையை எடுக்கப் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய், ஊரிலிருந்து கொண்டுபோன தூளை எடுத்துவந்து கவுண்டருக்குள் புகுந்தேன். இஞ்சியைத் தட்டிப் போட்டு, சாயம் இறங்கக் கொதிக்கவிட்டு, ஆட்டுக்காரர் கொண்டுவந்த ஆட்டுப்பாலையே ஊற்றி, நாலு முறை தூக்கி ஆற்றி நுரையோடு கொடுத்தேன்.

அவள் குடித்தாள். கண்ணை மூடினாள். தபால்காரர், "எனக்கும் தொண்ட ஒரு மாதிரி இருக்கு" என்றார். ஆட்டுக்காரருக்கு இடுப்பு வலித்தது. பேசாதவர் கிளாசை மட்டும் நீட்டினார். மறுநாள் பாதிரியாருக்கும் ஏதோ செய்தது. ஒரு வாரத்துக்குள் அந்த ஊரில் ஐந்து மணிக்குச் சுகமாக இருந்த மனுஷர் எவருமில்லை. மருந்துக்கடைப் பெண் தெருவோடு போனவள், உள்ளே பதினோரு பேர் வரிசையாகத் தேத்தண்ணி குடிப்பதைக் கண்டு பதறி ஓடிவந்தாள்.

"என்னா பரவியிருக்கு?"

"இவருதான்" என்று தபால்காரர் என்னைக் காட்டினார்.

இப்போது நான் கோயில் திருவிழாவுக்காகப் பொகவந்தலாவைக்கு வந்திருக்கிறேன். வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இதை எழுத உட்கார்ந்ததன் காரணம், இன்று காலை மகள் போனில் அனுப்பிய ஒரு படம். என் நாற்காலியில் ஒரு கிழவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கையில் நுரை கட்டிய தேத்தண்ணிக் கிளாஸ். ரொட்டிக்காரராம். பட்டணத்திலிருந்து வந்திருக்கிறாராம். படத்துக்குப் பின்னாலேயே தபால்காரர் பேசி அனுப்பிய குரலும் வந்தது: "கோவிச்சிக்காதீங்க பெரியவரே, அவரு பத்து நாள்ல போயிருவாரு. நாற்காலி ஒங்களோடதுதான்."

கோபமில்லை. அவரையும் ஒரு மகள்தான் கூட்டிப் போனாள். பட்டணத்தில் அவர் வீட்டுக்குக் கீழேயும் ஒரு பார் இருக்கிறதாம். அங்கே அவரை யாரும் உட்காரச் சொல்வதில்லையாம். காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும். பத்து நாள் என்ன, நான் திரும்பும் வரைக்கும் உட்காரட்டும். நான் அங்கே திரும்பிய பிறகும் அவர் இருந்தால் முறை வைத்து ஆடுவோம்.

ஆனால் அந்தப் படத்தில், அவர் தலைக்கு மேலே, சுவரில் ஒரு புதுப் பலகை தொங்குகிறது. அதில் சாக்குக்கட்டியால் எழுதியிருப்பதை மகளைப் படிக்கச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே படித்தாள்: "எங்கள் ஊரின் பாரம்பரியத் தேநீர்."

பாரம்பரியமாம்! பத்து மாதத்துக்கு முன்னால் அதைக் குடித்தவனுக்குச் சவப்பெட்டி அளவெடுத்த ஊர்!

ஊற்றுக் குழாயடியில் ஒருமுறை பேசாமல் நின்றவன் நான். இந்த முறை நிற்க மாட்டேன். இதை மகள் அந்த மேசையருகே நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, அவர்கள் பாஷையில் படிக்க வேண்டும். கடைக்காரம்மா பலகையைத் துடைக்க வேண்டும். என் பெயரைப் போடச் சொல்லவில்லை, "நாலாவது நாற்காலிக்காரர் போட்ட தேத்தண்ணி" என்று எழுதினால் போதும். அவர்கள் எழுத்தில் ஒரு வரி, அதன் கீழே தமிழில் ஒரு வரி. தமிழ் வரிக்கு மட்டும் இடம் விட்டுவையுங்கள், நானே வந்து எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு அதற்குப் போதும்.