கரணை பிடித்த சித்தாள்

மேஸ்திரியிடம் அவள் பட்ட கடன் நாற்பதாயிரம். சாரத்திலிருந்து விழுந்த புருஷனின் இடுப்புக்கு வாங்கியது. இடுப்பும் நிமிரவில்லை, கடனும் குறையவில்லை. இனி மகளையும் வேலைக்குக் கூட்டி வந்தால்தான் ஆகும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

பேப்பரில் தொழிலாளி என்று எழுதுவார்கள். வேலையிடத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு டீகூடக் கிடைக்காது. அங்கே கரணை பிடித்துச் சாந்து பூசினால் கொத்தனார், சட்டி சுமந்தால் சித்தாள். கூப்பிடுகிற பேருக்குத்தான் கூலி. கொத்தனாருக்கு இவளைப் போல இரண்டு பங்கு.

ஒருநாள் கொத்தனார் வரவில்லை. அவள் கரணையைக் கேட்டாள்.

"இன்னைக்கு இதைக் கேப்ப, நாளைக்கு என் நாற்காலியைக் கேப்ப" என்றார் மேஸ்திரி.

"அதுக்கு மூணு காலுதானே இருக்கு, நீங்களே வச்சுக்குங்கண்ணே. இந்த ஒரு ரூமை மட்டும் விடுங்க. கொத்தனார் கூலி கிடைச்சா புள்ள படிச்சிடும்."

மேஸ்திரி சிரித்துவிட்டார். "சரி. வீட்டுக்காரரு பாத்து நல்லாருக்குன்னு சொன்னா, நீ பூசினதுன்னு சொல்லி வாங்கித் தரேன்."

பூசினாள். மட்டப்பலகையை எங்கே வைத்தாலும் இடுக்கில் ஒரு தாள் நுழையாது. பேர்போன கொத்தனாருக்கே மூலையில் கை தடுமாறும். இவள் மூலை நூல் பிடித்தமாதிரி நின்றது. இத்தனை வருஷம் சட்டியைக் கொடுத்துவிட்டுச் சும்மாவா நின்றாள்? கண்ணாலேயே கற்றவள்.

படியில் வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். கை தானாகக் கரணையைக் கீழே வைத்தது. சும்மாடு தலைக்கு ஏறியது, அதன்மேல் சட்டி ஏறியது. பெரிய ஆள் வந்தால் சித்தாள் வெறுந்தலையோடு நிற்கக் கூடாது. உடம்பில் ஊறிய பழக்கம்.

வீட்டுக்காரர் சுவரைத் தடவினார். "நல்ல கை. கொத்தனார் எங்க?"

மேஸ்திரி அவளைப் பார்த்தார். சொல்லட்டும் என்று ஒரு நொடி விட்டும் பார்த்தார். அவளுக்கு வாய்வரைக்கும் வந்தது. தலைச்சுமையோடு பேசிப் பழக்கமில்லை.

"டீ குடிக்கப் போயிருக்காரு சார்" என்றார் மேஸ்திரி.

"மீதியையும் அவரையே பூசச் சொல்லுங்க. ஏம்மா, கொஞ்சம் வழி விடு."

சனிக்கிழமை கூலி போடும்போது, "நாந்தானேண்ணே பூசினேன்" என்றாள்.

"யாரு இல்லேன்னா? அவரு கேட்டப்ப உன் தலையில என்ன இருந்துச்சு, கிரீடமா?"

அவள் கை தலைக்குப் போய் வந்தது.

"திங்கக்கிழமை புள்ளையக் கூட்டிட்டு வந்துடு. அவளுக்கும் சேர்த்து முன்பணம் தரேன். ரெண்டு சித்தாளு கூலி, ஒரு கொத்தனார் கூலி ஆச்சு. நீ கேட்டதுதானே?"

சுண்ணாம்பும் சிமெண்டும் தின்ற உள்ளங்கையை அவள் விரித்தாள். மேஸ்திரி எச்சில் தொட்டு, முதலில் தாய்க்கு, பிறகு மகளுக்கு என்று எண்ணி வைத்தார்.