கசக்கும் தூள்

வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவர் வாட்ச்மேன். காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாவோடு திரிவார். எதையும் தான் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டுத்தான் தன் நாய்க்கு வைப்பார். நான் அப்போது கால்நடை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன்.

காட்டுப்பன்றி கிழித்த நாயின் தொடைக்கு டாக்டர் ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் கேப்சூல் எழுதியிருந்தார். எட்டாம் நாள் வாட்ச்மேன் நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கால் முழுக்கச் சீழ். அது கண்ணைத் திறக்கவேயில்லை.

"மாத்திரை குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு வேளை தப்பலீங்க. உள்ள இருந்த தூளுதான் நொம்பக் கசப்புங்க, வாயில வெக்க முடியல. அதைக் கொட்டிப்போட்டு, மேல இருக்கற செவப்புக் கூட்டை மட்டும் ரொட்டிக்குள்ள வெச்சுக் குடுத்தேனுங்க. சாமி அழகா முழுங்கிச்சு."

தூள்தான் மருந்து என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஊசி போட்டும் மதியத்துக்குள் அது செத்துப்போனது.

"ஏனுங்க, மருந்து கேக்கலீங்களா?" என்றார்.

"கேக்கலீங்க" என்றேன்.

குல்லாவைக் கழற்றி நாயின் முகத்தை மூடித் தூக்கிக்கொண்டு போனார்.

வருஷக்கணக்காக அந்தக் கேப்சூலை எண்ணி எண்ணிக் கொடுத்தவன் நான். அது கசக்கும் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.