ஒரு சொல் மட்டும் தெரிகிற அட்டை

என் கைப்பையின் உள்ளறையில், ரயில் சீசன் பாஸுக்குப் பின்னால், ஒரு அட்டை இருக்கிறது. எங்கள் சர்ச் சபையில் வருஷா வருஷம் கொடுக்கிற காலண்டரின் பின்னட்டையை வெட்டிச் செய்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். நடுவில் பிளேடால் நீளவாக்கில் அறுத்த ஒரு துவாரம். ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாகப் போயிருக்கிறது. புத்தகத்தின் மேல் வைத்தால் அந்தத் துவாரத்தில் ஒரே ஒரு சொல் தெரியும். முந்தின சொல்லும் தெரியாது, அடுத்து வருவதும் தெரியாது, படமும் தெரியாது. செய்தவர் டீச்சரக்கா. பை பழசாகிப் புதுப் பை வாங்கும்போதெல்லாம் இதையும் மறக்காமல் எடுத்து மாற்றி வைத்துவிடுகிறேன். எதற்கு என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். பையை மூடிவிட்டேன்.

கன்னட மாநிலத்தில் எங்கள் தங்கச் சுரங்க ஊரில், பாலகாட் பக்கத்தில், மைன்ஸ் காலத்து லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன அரசுத் தமிழ்ப் பள்ளி. அதில் டீச்சரக்கா ஒருவர்தான் எல்லா வகுப்புக்கும் ஆசிரியை. நான் அப்போது கல்வித் துறையில் சி.ஆர்.பி.யாக இருந்தேன். பெயரைக் கேட்டுப் பெரிய அதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பள்ளிகளை ஸ்கூட்டரில் சுற்றிவந்து, வகுப்பில் கால் மணி நேரம் உட்கார்ந்து, வருகைப் புத்தகத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேலே இருந்து வருகிற உத்தரவைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். டீச்சரக்கா என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர் என்பதால் நான் அவரை அக்கா என்பேன். அவரோ பிள்ளைகள் எதிரில் என்னை விடாமல் மேடம் என்பார். அவர்கள் போனபிறகு, "இன்னாமா, காலைல எதனா சாப்டியா?" என்று டப்பாவைத் திறப்பார்.

அவர் வகுப்பைப் போய்ப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். மற்ற பள்ளிகளில் தலைவலிதான் மிஞ்சும். இங்கே மட்டும் மனசு நிறையும். அவர் ஒரு வரி சொல்வார், பிள்ளைகள் திருப்பிச் சொல்லும். வாரம் முடிவதற்குள் பாடம் முழுவதும் அவர்கள் வாயில் ஓடும். எல்லார் முன்னாலும் புத்தகம் திறந்திருக்கும். எல்லார் விரலும் வரியின் அடியில் நகரும். எங்கள் ஊர்ச் சபைப் பிள்ளைகளுக்கு இது பேச்சு வந்த நாளிலிருந்து பழக்கம். வசனத்தை மனப்பாடம் செய்து, ஞாயிற்றுக்கிழமை வெள்ளை சாக்ஸோடு முன்னால் நின்று, மூச்சு விடாமல் ஒப்பித்தால் டிபன் பாக்ஸ் பரிசு. டீச்சரக்கா அப்படி வளர்ந்தவர். நானும் அப்படித்தான். ஒப்பிக்கிறபோது கையில் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு விரலை ஓட்டினால் இன்னும் மரியாதை. அந்த விரல் ஓட்டத்தை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, எங்கள் எல்லாருக்கும் வரும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். அப்பா விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர். அம்மா வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவதால் பள்ளியிலும் அவள் பாப்பாதான். அவள் எழுந்து பாடம் படித்தால் ரேடியோ தோற்றுப்போகும். நிறுத்தம், ஏற்ற இறக்கம், கேள்வி வருகிற இடத்தில் ஒரு புருவத் தூக்கல். வருகைப் புத்தகத்தில் நான் எழுதியது எனக்கு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது: 'பிள்ளைகளின் வாசிப்பு மிக நன்று.' ஒரு தடவையா? போன ஒவ்வொரு தடவையும் அதையே எழுதினேன்.

அப்புறம் அந்த உத்தரவு வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எடுக்கிற ஆசிரியர்கள் எல்லாரும் ஆராய்ச்சியில் நிரூபணமான புதிய வாசிப்பு முறையில் பத்து நாள் பயிற்சி முடிக்க வேண்டும். கடைசியில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவர் அந்த வகுப்புகளை எடுக்கக் கூடாது. நான் சிரித்தேன். நம்ம டீச்சரக்காவுக்குப் படிக்கச் சொல்லித்தர ஒருத்தன் வரப்போகிறானா என்று வேறொரு பள்ளியின் ஸ்டாஃப் ரூமில் கேலி பேசினேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. பயிற்சியில் சொன்ன விஷயம் சரியான விஷயம். எழுத்துக்கு ஒலி, ஒலிகளைச் சேர்த்துச் சொல், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக வாரம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், கூட்டத்தோடு சேர்ந்து சொல்வதை வாசிப்பு என்று நம்பக் கூடாது. இதில் ஒன்றும் தப்புச் சொல்ல முடியாது. பயிற்சியை நடத்தின விதம்தான் எங்கள் தலையெழுத்து.

பங்காருபேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எல்லாம் கன்னடத்தில். தமிழ்ப் பள்ளியிலிருந்து போன இரண்டு மூன்று பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சரக்காவுக்குக் கன்னடப் பேச்சு தண்ணீர் பட்ட பாடு, சந்தையில் பேரம் பேசினால் கடைக்காரர் வாயடைத்துப் போவார். எழுத்துதான் தகராறு. அவர் போயிருந்த நாட்களில் பள்ளியைத் திறக்க ஆள் இல்லை. மாற்று ஆள் கேட்டு நான் எழுதின கடிதத்துக்குப் பதிலே கிடையாது. மூன்றாம் நாளே பெற்றோர் வாசலில் கூடிவிட்டார்கள். ஐந்தாம் நாள் மத்தியானம் எனக்கு மேலிடத்திலிருந்து போன்: நாளைக் காலை அந்தப் பள்ளி திறந்திருக்க வேண்டும். பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும் என்ற தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் நான்தான், திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று சாயங்காலம் போன் போட்டவளும் நான்தான். போன் போடுவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் காலை திட்டு வாங்கத் தயாராகவே போனேன். பள்ளி திறந்திருந்தது. மேசை மேல் அந்த அட்டை இருந்தது.

"இன்னா மேடம், நீங்களே போங்கன்றீங்க, நீங்களே வாங்கன்றீங்க" என்றார். அவ்வளவுதான் திட்டு. பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: "நேத்து இன்னா ஆச்சு தெரியுமா? கன்னடத்துல ஒரு பத்தியக் குடுத்து ஒவ்வொருத்தரா படிங்கன்னாரு அந்த ட்ரெய்னிங் சாரு. எனக்கு முன்னால மூணு பேரு அதையே படிச்சாங்க. எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சி. என் முறை வந்துதா, பேப்பரப் புடிச்சிக்கினு, விரல வெச்சி, கடகடன்னு சொல்லிட்டேன். ரொம்ப நல்லா படிச்சீங்கன்னு கைதட்டினாரு. அதுல பாதி எழுத்து எனக்குத் தெரியாது மேடம். உக்காந்த ஒடனே பகீர்னு ஆயிடுச்சி. என் பசங்களும் இதத்தான பண்றாங்க?"

பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன். தெரிந்த பாடம், பழைய பக்கம். அதன் மேல் அட்டையை வைத்து ஒரு சொல்லை மட்டும் காட்டினார். முதல் பையன் முழித்தான். அடுத்தவள் பாடத்தை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். எங்கள் பாப்பாவின் முறை வந்தது. அவள் சொல்லைப் பார்த்தாள், டீச்சரக்காவைப் பார்த்தாள், அப்புறம் மெதுவாக அட்டையின் ஓரத்தைத் தூக்கி அடியில் படம் இருக்கிறதா என்று தேடினாள். படம் தெரிந்திருந்தால் பக்கம் முழுவதையும் பாடியிருப்பாள். டீச்சரக்கா அவள் கையைப் பிடித்துக் கீழே வைத்தார். "பரவால்லடி ராசாத்தி, போய் உக்காரு" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இத்தினி வருஷமா நான் இன்னாதான் பண்ணேன்?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா சுவரிடம் கேட்டாரா தெரியவில்லை. மேசையில் வருகைப் புத்தகம் கிடந்தது. அதில் என் கையெழுத்து அழகாக வரிசை வரிசையாக இருந்தது. எனக்கு அதைத் தூக்கி அடுப்பில் போடலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து அவர் வகுப்பில் சத்தம் அடங்கிவிட்டது. ஐந்து நாள் கேட்டதை வைத்துக்கொண்டு, கன்னடத்தில் சொன்னதைத் தமிழுக்குத் தானே மாற்றி, ஒவ்வொரு பிள்ளையையும் மடியில் உட்கார வைக்காத குறையாகப் பார்த்தார். பாப்பாவை மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக. எழுத்தைத் தெரிந்த மாதிரி நடிப்பதில் அவள் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை உடைக்கவே ஒரு மாசம் போயிற்று. அவள் அம்மா வேறு வந்து, முன்னால் நன்றாகப் படித்த பெண்ணை டீச்சர் இப்போது திக்க வைத்துவிட்டார் என்று என்னிடம் புகார் சொன்னாள். பார்க்கலாம் என்றேன். சி.ஆர்.பி. வேலையில் அதிகம் உதவுகிற வார்த்தை அது.

ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. டீச்சரக்காவுக்கு மூச்சு வாங்கியது. "மேடம், பாப்பா படிச்சிட்டா. அவ பார்க்காத புஸ்தகம், புதுப் பக்கம், அட்டைய வெச்சேன். ம... ண்... மண்ணு. ஒரே ஒரு வார்த்தைதான். ஆனா படிச்சிட்டா மேடம். யாரும் சொல்லித் தர்ல." அழுதுகொண்டே சிரித்தார். நான் யாரோ ஒரு தலைமை ஆசிரியரின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் இந்தப் பெண்ணை இவர் கையில் விட்டால் போதும் என்று நினைத்தேன்.

விடவில்லை. அடுத்த வாரம் ஒரு பட்டியல் வந்தது: சான்றிதழ் இல்லாத ஆசிரியர்கள். பாதியில் எழுந்து வந்தவர் என்பதால் டீச்சரக்கா பெயர் அதில் இருந்தது. பாதியில் எழுப்பியது நீங்கள்தானே என்று அலுவலகத்தில் கேட்டேன். அடுத்த பேட்ச்சில் முடிக்கட்டும் என்றார்கள். கன்னடத்தில் நடத்தினால் தமிழ்ப் பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேரும், தமிழில் ஒரு பேட்ச் வையுங்கள் என்றேன். பேட்ச் போடுகிற அளவுக்கு இந்தத் தாலுகாவில் தமிழ் ஆசிரியர்கள் மிச்சம் இல்லையே மேடம் என்றார் அங்கிருந்த குமாஸ்தா. கெட்ட மனிதர் இல்லை, எனக்கு டீ கூட வரவழைத்தார். டீச்சரக்காவைத் தொலைவில் ஒரு பெரிய பள்ளிக்கு, மேல் வகுப்புக்கு மாற்றினார்கள். அவர் இடத்துக்குச் சான்றிதழோடு ஒரு ஆசிரியை வந்தார். நல்ல பெண்மணி, பிள்ளைகளிடம் பிரியமானவர், பயிற்சியில் முதல் ஆளாகத் தேறியவர். தமிழ் எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

அந்த மாற்றல் தாளையும் நான்தான் கொண்டுபோனேன். டீச்சரக்கா படித்துவிட்டு மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். கோபப்படுவார், அழுவார் என்று பார்த்தேன். மேசை டிராயரைத் திறந்து அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். "அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நீ வாரத்துக்கு ஒரு வாட்டி வந்து பாப்பாவ மட்டும் பாரும்மா. அரை மணி நேரம் போதும். இப்பத்தான் கதவு தெறந்துக்கினு இருக்குது. விட்டுட்டா ஒப்பிக்கப் போயிடுவா." சரி அக்கா என்றேன். சத்தியம் மாதிரிதான் சொன்னேன்.

நாலு வாரம் போனேன். ஐந்தாம் வாரம் தேர்தல் வேலை. அப்புறம் கணக்கெடுப்பு. அப்புறம் முட்டை எத்தனை, பால் பவுடர் எத்தனை, ஷூ எத்தனை என்று போனில் ஏற்றுகிற வேலை. அப்புறம் என்னையே பங்காருபேட்டை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் கேட்டால் என்னிடம் நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றும் உண்மை. டீச்சரக்கா கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போன் செய்வார். ஓய்வு பெற்று வேலூர்ப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். கேக் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் கேட்பார்: "பாப்பா படிக்கிறாளாமா?" நான் "படிக்கிறாக்கா" என்பேன். "ஸ்தோத்திரம்" என்று பெருமூச்சு விடுவார்.

போன மாதம் சபையில் பிள்ளைகள் ஞாயிறு. வேதபாடம் வாசிக்க ஒரு பெண் முன்னால் வந்தாள். வெள்ளை சுடிதார், எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய ஜடை. இப்போது எட்டாம் வகுப்பு, கன்னடப் பள்ளி. பைபிளைத் திறந்து விரலை வைத்து ஆரம்பித்தாள். அதே நிறுத்தம், அதே ஏற்ற இறக்கம். என் பக்கத்தில் இருந்த அம்மாள் தலையை ஆட்டி, "இன்னா அழகா படிக்குது பாருங்க" என்றார். பாதியில் மேலே ஓடிய மின்விசிறிக் காற்றில் பக்கம் இரண்டு மூன்று சேர்ந்து புரண்டுவிட்டது. அவள் குரல் நிற்கவில்லை. வேறெங்கோ திறந்து கிடந்த பக்கத்தில் விரல் நகர்ந்துகொண்டே இருந்தது, கடைசி வசனம் வரைக்கும். யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். என்னை அடையாளம் தெரிந்திருக்கிறது. சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "மிஸ், அந்த ஓட்டை போட்ட அட்டை இருக்குமே... அது உங்ககிட்ட இன்னும் இருக்குதா?"

என் கை பைக்குள் போனது. சீசன் பாஸுக்குப் பின்னால் அட்டையின் ஓரம் விரலில் பட்டது. எடுத்திருக்கலாம். அதற்குள் அவள் அம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே நாலைந்து பெண்கள். "மேடம், கேட்டீங்களா எங்க பாப்பாவ? ஒரு வாரமா அந்த வசனத்த போன்ல போட்டுக் கேட்டுக்கினே இருந்தா. எப்படி படிச்சா, சொல்லுங்க!"

பாப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையை வெளியே எடுத்தேன். வெறும் கைதான்.

"ரொம்ப நல்லா படிச்சா" என்றேன்.

"தேங்க்ஸ் மிஸ்" என்றாள் பாப்பா, எல்லாரும் சொல்கிற மாதிரி. பைபிளை மூடிக்கொண்டு அம்மாவோடு படியிறங்கிப் போனாள்.

இன்னும் கொஞ்ச நாளில் கிறிஸ்துமஸ் வரும், டீச்சரக்கா போன் செய்வார். அட்டை பையிலேயே இருக்கிறது.