கொக்காட்டத் துப்பாக்கி

எங்கள் வீட்டுக் கூடத்தில், சுவரில் மாட்டிய பெரிய டிவிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி தொங்குகிறது. அதன் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கு வாங்கிய பொம்மை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. வந்தவரை உட்காரவைத்துக் கதை சொல்கிற சுபாவம் எனக்கு இல்லை. எழுதும்போது எதிரில் யாரும் இருப்பதில்லை என்பதால் இங்கே சொல்ல முடிகிறது. அது என் மாமியாருடைய துப்பாக்கி.

பெரம்பலூரில் ஒரு டிவிக் கடைக்காக வீடு வீடாகப் போய்ச் சுவரில் டிவி மாட்டுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. டிவியின் பின்னால் பொடியாக எழுதியிருக்கும் ஆங்கிலத்தை எனக்குப் படிக்கத் தெரியாது. ஓட்டையின் வடிவத்தையும் வயரின் நிறத்தையும் வைத்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். மஞ்சள் வயர் படம், வெள்ளையும் சிவப்பும் சத்தம். புது டிவியை மாட்டி முடித்ததும் அந்த வீட்டிலிருந்து பழைய குண்டு டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து கடையின் கோடவுனில் போடுவதும் என் வேலைதான். அப்படி எத்தனை டிவிகளைத் தூக்கியிருப்பேன் என்று என் இடுப்புக்குத்தான் தெரியும்.

மாமியாருக்கு ஊர் அரும்பாவூர் பக்கம். எங்கள் உறவில் மாமியார் மருமகனுக்கு எதிரில் உட்கார மாட்டார், நேருக்கு நேர் பேசவும் மாட்டார். இப்போது பலரும் அதை விட்டுவிட்டார்கள். என் மாமியார் விடவில்லை. எனக்கும் இயல்பிலேயே பேச்சு வராது. ஆகவே கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூட நேராகப் பேசிக்கொண்டதில்லை. சொல்ல வேண்டியதை அவர் என் மனைவியிடம் சொல்வார். மனைவி இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வார். "கொழம்புல உப்பு கம்மி. வேணுங்கிறவங்க போட்டுக்கலாம்" என்று அடுப்படிச் சுவரிடம் தகவல் போகும், நான் கூடத்தில் உப்பு போட்டுக்கொள்வேன். டம்ளரை மேடையில் டங்கென்று வைத்தால் காப்பி தயார் என்று அர்த்தம். எனக்கும் சுவர்களோடு தொழில்முறைப் பழக்கம் உண்டு என்பதால் இந்த ஏற்பாடு கஷ்டமாகத் தெரியவில்லை.

மாமனார் காலமாகி இரண்டு வருடம் கழித்து மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. வலது கண்ணுக்கு முதலில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்தார்கள். சொட்டு மருந்து போட ஆள் வேண்டுமே என்று மனைவி அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். குனியக்கூடாது, புகைபடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் வேலை எதுவும் செய்யவிடவில்லை. வாழ்நாள் முழுக்கச் சின்ன வெங்காயமும் பருத்தியும் பார்த்த உடம்பு அது. நான் வீட்டில் இருந்தால் பின்னறையை விட்டு வெளியே வரமாட்டார். அதற்காகவே நான் வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் மொபெட் ஹாரனை ஒருமுறை அடிப்பேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எழுந்து உள்ளே போக அவருக்கு அவகாசம் கிடைக்கும்.

அந்த நாட்களில்தான் மனைவி ஒரு ரகசியத்தைச் சொன்னாள். அவளுடைய தம்பி பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வீட்டில் ஒரு டிவி கேம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கேசட்டைச் செருகி டிவியில் ஆடுகிற பெட்டி. அதோடு ஒரு துப்பாக்கியும் வரும். டிவியில் வாத்து பறக்கும், அதைச் சுட வேண்டும். தம்பி வளர்ந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு பெட்டி பரணில் கிடந்ததாக எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். ஒருநாள் மதியம் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். உள்ளே அவள் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, துப்பாக்கியை நீட்டி நின்றுகொண்டிருந்தாராம். வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தனவாம். சின்ன வயதில் கம்பங்காட்டில் கவண் வைத்துக் குருவி விரட்டிய கை. வாத்து அவருக்குக் கொக்குதான், அந்த ஆட்டத்துக்கு அவர் வைத்த பெயர் கொக்காட்டம். "அப்பாகிட்ட சொல்லிடாதடி" என்று கேட்டுக்கொண்டாராம். மாமனார் கடைசிவரை அறியாமலே போய்விட்டார். ஊரில் டிவி பழுதானதும் பெட்டி டிரங்குக்குள் போய்விட்டது.

எனக்கு வேறெதுவும் செய்யத் தெரியாது, டிவியில் ஒரு சாமானை இணைக்கத் தெரியும். மனைவியை அனுப்பி அரும்பாவூரிலிருந்து டிரங்குப் பெட்டியில் இருந்ததை எடுத்துவரச் சொன்னேன். எங்கள் டிவி புதியது, அதில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் கிடையாது. தட்டையான ஓட்டைதான். நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைத்தால் சரியாகும் என்று தெரிந்து, பஸ் ஸ்டாண்டு கடையில் ஓட்டைகளைப் பார்த்து ஒன்று வாங்கி வந்தேன். ஒரு பக்கம் மூன்று நிறம், மறுபக்கம் தட்டை. மாட்டினால் திரை நீலமாகவே நின்றது. ஒரு முழு நாள் மல்லாடிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. இந்தப் பெட்டியில் இரண்டு ஜாதி உண்டாம். ஒன்று பழையதைப் புதியதாக மாற்றும், இன்னொன்று புதியதைப் பழையதாக மாற்றும். ஓட்டைகள் இரண்டிலும் ஒன்றேதான், மேலே எழுதியிருக்கும் எழுத்துதான் வேறு. எழுத்தைப் பார்க்காமல் ஓட்டையைப் பார்த்து வாங்குகிறவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

மறுநாள் படம் வந்தது. சதுரமான படத்தைப் புது டிவி அகலமாக இழுத்துவிட்டதால் வாத்துகள் உப்பியிருந்தன. நான் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அது அவருடைய சாமான் என்ற கூச்சம். மனைவியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்ப மரத்தடியில் மொபெட்டைத் துடைக்கிற மாதிரி நின்றேன். ஜன்னல் வழியாக மாமியார் குரல் கேட்டது. "கொக்கெல்லாம் நல்லாத் தின்னு கொழுத்துருக்குடி." இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு துப்பாக்கியின் குதிரை டக் டக் என்று இழுபடும் சத்தம். டக். டக். டக். விழுகிற சத்தம் வரவில்லை. நேரம் போகப் போக டக்கென்ற சத்தத்துக்கு இடையில் இருந்த இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. கடைசியில் நின்றுவிட்டது.

"கண்ணு போச்சுடி" என்றார் மாமியார். அழவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

அன்றிலிருந்து இடது கண்ணை அறுவைக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மனைவி கெஞ்சினாள், சண்டை போட்டாள். டாக்டர் பார்த்துவிட்டுக் கண் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார். அதற்கும் மாமியாரிடம் பதில் இருந்தது. "வெரலு எத்தனன்னு கேட்டா யாருதான் சொல்ல மாட்டாங்க. சோறு தெரியுது, மூஞ்சி தெரியுது. பறக்குறது தெரியலையே. ஒண்ணக் கெடுத்துக்கிட்டது போதும். இருக்குற அரைக் கண்ணோட நான் வூட்டுக்குப் போறேன்." இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தது. விட்டால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேதி திங்கட்கிழமை. நான் நல்லது என்று நினைத்து இணைத்த இரண்டு வயரால் ஒரு மனுஷிக்குக் கண் போகப் போகிறது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை அரியலூரில் ஒரு சிமெண்டு ஆலைக் குடியிருப்பில் டிவி மாட்டும் வேலை. முடித்துவிட்டு அங்கே எனக்குப் பழக்கமான டிவி மெக்கானிக் ஒருவரைப் பார்க்கப் போனேன். இப்போது கேமரா மாட்டுகிறார், பேட்டரி பார்க்கிறார். வயரைத் தப்பாகக் கொடுத்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில்தான் கேட்டேன். அவர் முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னார், "ஏன்ய்யா, ஊர்ல உள்ள சுவத்துல எல்லாம் ஓட்டை போட்ட ஆளு, இது தெரியாதா ஒனக்கு? அந்தத் துப்பாக்கி எங்கய்யா சுடுது? அது பாக்குது."

பிறகு நிதானமாக விளக்கினார். துப்பாக்கியின் வாயில் ஒரு கண் இருக்கிறது. குதிரையை இழுத்ததும் திரை ஒரு நொடிக்கும் குறைவாகக் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். குண்டு டிவி அனுப்பிய படத்தை அனுப்பிய கணத்தில் காட்டும். புது டிவி படத்தை வாங்கி, யோசித்து, பெரிதாக்கி, பிறகுதான் காட்டும். அதற்குள் துப்பாக்கி கண்ணை மூடிவிடும். "ஒங்க அத்தை கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. டிவிதான் சோம்பேறி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோடவுனைத் திறக்கச் சொல்லி, நானே எந்த வீட்டிலிருந்தோ தூக்கிவந்து போட்ட ஒரு சின்னக் குண்டு டிவியைத் தேடி எடுத்தேன். அதன் முதுகில் மஞ்சளும் வெள்ளையும் இருந்தன. கரண்டு கொடுத்துப் பார்த்தேன், ஓடியது. மொபெட்டின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வந்தேன். இத்தனை வருடத்தில் குண்டு டிவியை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோனது அதுதான் முதல் தடவை.

தெருமுனையில் ஹாரன் அடித்தேன். உள்ளே போனால் வாசல் பக்கத்தில் ஒரு மஞ்சப்பை கட்டி வைத்திருந்தது. மனைவி ஜெயங்கொண்டத்தில் ஒரு சடங்குக்குப் போயிருந்தாள், இருட்டும் முன் வந்துவிடுவாள். மாமியார் அதற்குள் ஊருக்குப் போய்விடத் தீர்மானித்திருக்கிறார். அவர் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றார், புடவை ஓரம் தெரிந்தது. நான் டிவியை நாற்காலியில் வைத்தேன். எனக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் அவருடைய முறையையே கையாண்டேன். எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னேன், "புது டிவியில யாரு சுட்டாலும் விழாதாம். கண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லயாம்."

அடுப்படிச் சுவருக்குப் பதில் போனது. "சமாதானத்துக்கு ஆயிரம் சொல்லலாம். மூணு மணி பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பேச்சில் நான் ஜெயித்தவனில்லை. பெட்டியைப் புது டிவியிலேயே இணைத்து, முதன்முதலாக அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். வாத்து பறந்ததும் துப்பாக்கி முனையைக் கண்ணாடியில் அதன் மேலேயே ஒட்டி வைத்து இழுத்தேன். விழவில்லை. மறுபடி ஒட்டி வைத்து இழுத்தேன். விழவில்லை. ஒரு சுற்று முழுவதும் அப்படியே செய்தேன். கதவிடுக்கில் புடவை ஓரம் கொஞ்சம் முன்னால் வந்தது. பிறகு வயர்களைப் பிடுங்கி நாற்காலியில் இருந்த குண்டு டிவியில் செருகினேன். முனையை ஒட்டி வைத்து இழுத்தேன். வாத்து விழுந்தது. அடுத்து நான்கடி பின்னால் வந்து சுட்டேன். ஒன்று தப்பியது. இன்னொன்றும் தப்பியது. எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும், ஆனாலும் வாத்து எங்கேயோ துப்பாக்கி எங்கேயோ என்று போயிற்று. ஆறாவதோ ஏழாவதோ தப்பியபோது என் தோளுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"கொக்கு கூடவே கையும் போவணும், மாப்ள. கைய நிறுத்திட்டுச் சுட்டா எப்படி விழும்?"

பத்தொன்பது வருடத்தில் அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையோடு கை கொடுப்பதும் எங்களில் வழக்கமில்லை என்பதால் துப்பாக்கியை ஸ்டூலில் வைத்துவிட்டு வாசற்படிக்குப் போய்விட்டேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே முந்தானையால் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தார். டக். விழுந்தது. டக். விழுந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை என்று எழுத ஆசைதான், இரண்டு தப்பின. அடுத்த சுற்றில் அவர் முந்தானையை மாற்றினார். வலது கண்ணை மூடி இடது கண்ணால் சுட்டார். ஒன்றும் விழவில்லை. முனையை எங்கே நீட்டுவது என்றே அவருக்குத் தெரியவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்தினார். வாத்துகள் பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தன.

பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார், "நாளைக்கு எத்தன மணிக்குப் போவணும்னு தெரியல."

நானும் சுவரைப் பார்த்துச் சொன்னேன், "ஏழு மணிக்கு."

மஞ்சப்பை உள்ளே போயிற்று. சற்று நேரத்தில் அடுப்படி மேடையில் டம்ளர் டங்கென்றது.

இடது கண்ணும் நல்லபடியாக ஆயிற்று. அதன் பிறகு நான்கு வருடம், விதைப்பு, அறுப்பு நாட்கள் போக, பெரும்பாலும் எங்களோடுதான் இருந்தார். மதிய நேரங்களில் கொக்காட்டம் நடக்கும் என்று மனைவி சொல்வாள். நான் பார்த்ததில்லை. நேராகவும் அவர் மறுபடி என்னிடம் பேசவில்லை, எல்லாம் சுவர் வழியாகத்தான். அது எனக்குக் குறையாகப் படவும் இல்லை. ஒரு தடவை கேட்டது போதுமானதாக இருந்தது. போன ஆடியில் ஊரில் இருந்தபோது தூக்கத்திலேயே காலமானார்.

இப்போது பழைய டிவியைத் தூக்கும் முன் அந்த வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்கிறேன், கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். வீட்டில் பழைய டிவி கேம் துப்பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று. முக்கால்வாசிப் பேர் விநோதமாகப் பார்க்கிறார்கள். ரஞ்சன்குடியில் ஒரு நடுவயதுப் பெண் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்த டிவி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். காரணத்தை நான் கேட்கவில்லை.

எங்கள் குண்டு டிவியும் பெரிய டிவிக்குக் கீழே அப்படியே இருக்கிறது. துப்பாக்கிக்கான ஆணியை நான்தான் அடித்தேன். நேற்று வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் வழக்கம்போல ஹாரன் அடித்தேன். அடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மனைவிக்கும் கேட்டிருக்கும். உள்ளே வந்தேன். துப்பாக்கி ஆணியில் தொங்கியது. நாற்காலி காலியாக இருந்தது. நான் வரும்போது அது என்றைக்கும் காலியாகத்தான் இருந்தது.