குளிர்ப் பாலைவனத்துப் பிராணி

வேலை கிடைத்துத் தொலைவிலுள்ள கல்கரி நகரத்துக்குப் போனபோது மகள் கட்டிலையும் மேசையையும் விற்றுவிட்டாள். தான் வளர்த்த சின்சில்லாவை மட்டும் என்னிடம் விட்டுப்போனாள். அங்கே அவள் எடுத்த அறையில் பிராணிகள் வைத்திருக்கக் கூடாதாம். அணிலைவிடக் கொஞ்சம் பெரிது, சாம்பல் உரோமம், உடம்புக்கு மிஞ்சிய காதுகள். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில், நானும் அதுவுமாகக் குளிர்காலத்துக்குள் இறங்கினோம்.

தண்ணீரில் அதைக் குளிப்பாட்டக் கூடாது. கிண்ணத்தில் நைஸான தூளைக் கொட்டி வைத்தால் புரண்டு புரண்டு குளிக்கும்; வீட்டுக்குள் ஒரு சின்னப் புழுதிப் புயல். வேறு என்ன வேலை எனக்கு? அதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். சிலி நாட்டுப் பாலைவனத்தை அண்டிய வறண்ட மலைச்சரிவுகள் அதன் ஊர். பாறை இடுக்குகளில் கூட்டம் கூட்டமாய் வாழும். செடிகளின் ஈரத்திலும் பனித்துளியிலும் தாகம் தீர்த்துக்கொள்ளும். நமக்கு ஒரு மயிர் முளைக்கிற துளையில் அதற்கு ஒரு கொத்தே முளைக்கும். அந்த மென்மையை மனிதர் மேல்கோட்டாகத் தைத்துப் போட்டார்கள். இன்று மலையில் மிஞ்சியவை கொஞ்சம். எதிரி கவ்வினால், கவ்விய மயிரை உதிர்த்துவிட்டு ஓடிவிடுமாம்.

இவ்வளவு வாசித்தும் பாலைவனம் என்ற சொல் எனக்குள் வெயிலாகவே கிடந்தது.

ஜனவரி மாலை ஒன்றில் அது கூட்டின் மூலையில் ஒடுங்கியிருந்தது. யாழ்ப்பாணத்து உடம்புக்கு ஒடுங்குதல் என்றால் குளிர்தான். கட்டடத்துச் சூடு போதாதென்று சின்ன ஹீற்றரைக் கூட்டுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தால் சரிந்து கிடந்தது. காது இரண்டும் செக்கச்செவேல்.

மகளுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன்.

"அப்பா! ஹீற்றரை ஓஃப் பண்ணுங்கோ! மலைக் குளிருக்குப் பிறந்தது அது. வேர்க்கவும் தெரியாது. ஓ மை கோட்... கூட்டைப் பல்கனிப் பக்கம் வையுங்கோ, கதவைக் கொஞ்சமாத் திறவுங்கோ."

திறந்தேன். ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு கூட்டுக்கு முன்னால் குந்தினேன். மூச்சு விடுகிறதா என்று வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது செத்தால் அவள் எனக்கு எதற்குப் போன் எடுப்பாள்? நாள் தவறாமல் வருகிற அழைப்பு இதன் சுகம் கேட்கத்தான் வருகிறது.

பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் தட்டினார்.

"என்ன தம்பி, கொறிடோர் முழுக்கக் குளிரடிக்குது. வீட்டுக்கை ஜக்கெட்டோடை எங்கை பயணம்?"

"ஒரு இடமும் இல்லை அன்ரி. உதுக்குச் சூடு கூடிப்போச்சு."

"எலிக்குச் சூடெண்டு ஜனவரியிலை கதவு திறந்த மனுசனை இண்டைக்குத்தான் காணுறன்." எட்டிப் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. "பிழைக்குமோ?"

தெரியாது என்றேன். அவர் போய்விட்டார்.

காதின் சிவப்பு மெல்ல மெல்ல வடிந்தது. முதலில் மீசை அசைந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்து, ஒரு காய்ந்த புல்லை இரண்டு கையாலும் பிடித்துக் கொறித்தது. நான் மகளை அழைத்தேன்.

"சாப்பிடுது."

"போனை அதுக்குக் கிட்டப் பிடியுங்கோ."

பிடித்தேன். அவள் ஆங்கிலத்தில் கொஞ்சினாள், அழுதாள், அலுவலகக் கதையெல்லாம் அதற்குச் சொன்னாள். அந்த ஊரில் இன்னும் ஒருவரும் பழக்கமில்லையாம். எனக்கு அது புதுச் செய்தி. "லவ் யூ" என்றாள். அழைப்பு அறுந்தது.

சின்சில்லா இன்னும் போன் பக்கமே காதைத் திருப்பி வைத்திருந்தது. நான் போன் பிடித்த கையை எடுக்கவில்லை.