காலர் மடிப்பில் ஒரு சொட்டு

ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்த்த தட்டில் அயோடினை ஊற்றிவிட்டு வெந்நீரம்மா கண்களை மூடிக்கொள்கிறார். சாமி கும்பிடுகிறார் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நினைப்பார்கள். அதெல்லாம் இல்லை, கறுப்பதைப் பார்க்க அவருக்குப் பிடிக்காது. மாவு கலந்த தட்டு முழுக்க நீலக்கறுப்பாகும். கிருமிகள் மாவைத் தின்று தீர்த்த இடம் மட்டும் வெளுத்த வளையமாக நிற்கும். கண்ணைத் திறந்து வளையத்தைப் பார்த்ததும், "இன்னிக்கு நல்லாத் தின்னிருக்குதுங்க" என்பார், பந்தி பரிமாறியவர் போல.

அவர் வளர்க்கும் கிருமிகளுக்குக் கொதிக்கப்போகும் தண்ணீர்தான் தொட்டில். கை வைத்தால் நமக்குக் கொப்புளம், அவற்றுக்குக் குஷி. "நாம வேகுற சூட்டுலதான் இதுங்களுக்குப் பசிக்கவே செய்யும். வெளிய வெச்சா இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிடும்." அந்தச் சூட்டில் தட்டுகள் சருகாகிவிடாமலிருக்க, அவற்றை அடுக்கிய சூட்டு அலமாரிக்குள் தண்ணீர்க் கிண்ணம் வைத்து எட்டி எட்டிப் பார்ப்பார். நாள் முழுக்க அங்கே வெந்துவிட்டு வெளியே வந்தால் கோடையிலும் ஸ்வெட்டர். பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

மாவைக் கரைக்க அந்தக் கிருமிகள் கக்கும் சாற்றைத்தான் முதலாளி துணி ஆலைகளுக்கு விற்கிறார். நெய்வதற்கு முன் நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். நெய்த பிறகு அந்தக் கஞ்சியை எடுக்க இந்தச் சாறு. வேடிக்கை என்னவென்றால், ஓர் ஆலையில் கஞ்சி போடுகிறவர் வெந்நீரம்மாவின் வீட்டுக்காரர். "அவரு போடுவாரு, நான் எடுப்பேன். ரெண்டு பேருக்கும் சம்பளம். இப்படி ஒரு வெட்டி வேலை உலகத்துல உண்டா?"

கைப்பையில் எப்போதும் ஓர் அயோடின் புட்டி. காகிதம், மாத்திரை, எதைக் கண்டாலும் ஒரு சொட்டு. ஒருமுறை நாத்தனாரின் முகப்பவுடரில் விட்டுப் பார்த்தார். நீலம். "அண்ணி, நீங்க மூஞ்சிக்குக் கஞ்சிதான் போட்டிருக்கீங்க." நாத்தனார் இன்றுவரை பேசுவதில்லை.

வீட்டுக்காரர் மாலையில் புருவம் வரைக்கும் வெள்ளையாக வந்து நிற்பார். "அம்மா, மாவு மூட்டை வந்தாச்சு, இறக்கி வை!" என்பாள் மகள். சில மாதங்களாக மூட்டை சுத்தமாகவே வருகிறது. கேட்டதற்கு, "இப்பல்லாம் மேலுக்கு அங்கி குடுக்குறாங்கடி" என்றார். வெந்நீரம்மா நம்பினார்.

நேற்று மேலாளர் வந்து, சாறு எடுக்கக் கிருமி வளர்க்கும் பெரிய தொட்டியை அணைக்கச் சொன்னார்.

"ஏன் சார்?"

"உங்க வீட்டுக்காரரோட ஆலைதான் வாங்குறதையே நிறுத்திடுச்சே. ஏதோ பிளாஸ்டிக் பசைக்கு மாறிட்டாங்க. வேற ஆலை கிடைக்கும்னு பாத்தோம், கிடைக்கல. அங்க கஞ்சிப் பிரிவை மூடி மாசக்கணக்காச்சும்மா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்" என்றார் வெந்நீரம்மா.

வீட்டுக்கு வந்து, கொக்கியில் தொங்கிய வீட்டுக்காரரின் அழுக்குச் சட்டையை எடுத்துக் காலர் மடிப்பைப் பிரித்தார். எத்தனை அங்கி போட்டாலும் மாவு அங்கே போய் ஒளிந்துகொள்ளும். ஒரு சொட்டு விட்டார். கண்களை மூடினார். கறுக்கட்டும், கறுக்கட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டார். திறந்தபோது சொட்டு பழுப்பாகவே இருந்தது.

இன்று காலையும் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கொடுத்தார். இத்தனை மாதமும் அந்தச் சோற்றை எந்த பெஞ்சில் உட்கார்ந்து தின்றாரோ. சம்பளம் என்று நீட்டியது யாரிடம் கைமாற்றாக வாங்கியதோ. வீட்டுக்காரர் செருப்பை மாட்டினார்.

"மூட்டை கிளம்பிடுச்சு டோய்!" என்று மகள் உள்ளேயிருந்து கத்தினாள்.

"கொஞ்சம் நில்லுங்க."

வெந்நீரம்மா அடுக்களைக்குப் போய் மாவு டப்பாவில் கையை விட்டு அள்ளிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரரின் கண்ணைப் பார்க்காமல், காலர் மடிப்பை நிமிர்த்தி உள்ளே தடவினார். கையில் மிஞ்சியதை, பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்குப் பவுடர் போடுவதுபோல, அவருடைய இரண்டு புருவத்திலும் மெதுவாகப் பூசிவிட்டார்.